வெள்ளையம்மா வச்ச மருந்து

"சோத்துல என்னடி கலந்து குடுத்த, எந்தம்பிக்கு?"

மூக்காயி போட்ட சத்தத்தில் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து மேல் லயத்து வீடுகள் மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது.

வெள்ளையம்மாவின் புருஷன் அழகர் படியில் குந்தி, முழங்காலை வயிற்றோடு கட்டிக்கொண்டு முன்னால் சாய்ந்திருந்தான். நிமிர்ந்தால் முதுகு வரைக்கும் வலி. கண் ரெண்டும் மஞ்சள். சொறிந்து சொறிந்து தோலெல்லாம் ரத்தக் கோடு.

"வெறுங் காமாலைன்னா கீழாநெல்லிக்கு எறங்கியிருக்காதா? மூணு மாசமாச்சு. ஒண்ணுக்குப் போனா சாயத்தண்ணி, வெளிக்குப் போனா சுண்ணாம்பு! செடி கவ்வாத்து வெட்டுன கை குச்சியாப் போச்சு. புருஷனைக் கைக்குள்ள போட்டுக்க மருந்து வச்சிருக்கா, மகராசி!"

"போட்டுக்கிட்டதுதான் போட்டுக்கிட்டா, இப்படி மஞ்சள் தேச்சா போட்டுக்கணும்?" யாரோ சிரித்தார்கள்.

அழகர் சிரிக்கவில்லை.

"புள்ள... டாக்டரய்யா ஒங்கிட்டதானே பேசுனாரு. நான் செத்துருவேனா?"

"பித்தம்னுதான் சொன்னாரு."

பத்து நாளாக இதே கேள்வி, இதே பதில். கேட்கும்போதெல்லாம் அவள் முந்தானையை இறுக்கிப் பிடித்துக்கொள்வான்.

"வச்சிருந்தா சொல்லித் தொலைடி," என்றாள் மூக்காயி. "பூனாகலையில மருந்து எடுக்கிறவர் இருக்காரு. வயித்துல கெடக்கிறதை எடுத்துட்டா பொழச்சுக்குவான்."

அழகர் தலையைத் தூக்கினான்.

"எடுத்துட்டா பொழச்சுக்குவேனாக்கா?"

வெள்ளையம்மா அவன் முகத்தையே பார்த்தாள்.

"நான்தான் வச்சேன்."

அடி விழுந்தது. முடியைப் பிடித்து வெளியே இழுத்தார்கள். "இனிமே இந்தக் காம்பராவுல காலை வச்ச, வெட்டிப் போட்டுருவேன்!" என்று கத்தினாள் மூக்காயி. அழகர் தடுக்கவில்லை. பேயைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தான்.

நாலாம் நாள். கீழ் லயத்தில் தங்கையோடு தங்கி, அங்கிருந்து கொழுந்தெடுக்கப் போன வெள்ளையம்மாவைத் தோட்டத்து டாக்டர் பரமலிங்கம் வழிமறித்தார்.

"உனக்கென்ன விசர் பிடிச்சிட்டுதே? இரைப்பைக்குப் பின்னாலை கணையத்திலை புத்துநோய், கூடிப்போனா ரெண்டு மாசம் எண்டு பதுளை ஆஸ்பத்திரிக் கடிதத்தை நான்தானே உனக்கு வாசிச்சுச் சொன்னனான்! செய்யாததை ஏன் செய்தன் எண்டு சொன்னனீ?"

வெள்ளையம்மா வீங்கிய உதட்டைத் துடைத்துக்கொண்டாள்.

"மருந்தை எடுத்தாச்சாம்யா. இனி சாக மாட்டேன்னு சிரிச்சாராம்."