கட்டுரையில் இல்லாத பெயர்

எரிமலை ஊற்றில் கொதிக்கும் அமிலத்தில் கரண்டியை விட்டால் பிடி மட்டும்தான் திரும்பி வரும். அதற்குள்ளே சொகுசாகக் குடித்தனம் நடத்திய புது பாக்டீரியாவைப் பிடித்து வந்தவர், ஓய்வு பெறப்போகும் விஞ்ஞானி அம்மாள்.

ஆய்வகமே அதிர உள்ளே வந்தார்.

“ஆய்வுக் கட்டுரையில என் பேர் எங்கே?”

“எடுத்துட்டோம், மேடம்” என்றாள் உதவி விஞ்ஞானி.

“ஷூ உருகி, புருவம் பொசுங்கி அதைப் பிடிச்சவ நான்! சொந்தக்காரக் கிருமிகளோட மரபணுவையெல்லாம் ஒப்பிட்டு, அது புது இனம்னு நிரூபிச்சவளும் நான்! வீட்டுக்குப் போற கிழவிதானேன்னு கழட்டி விட்டுட்டீங்களா?”

“கட்டுரை எழுதினவங்க தங்களோட பேரையே கிருமிக்கு வைக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“ஆமா, கூடாது. அதுக்கும் இதுக்கும் என்னடி சம்பந்தம்?”

“அதனாலதான் எழுதினவங்க பட்டியல்லேர்ந்து உங்க பேரை எடுத்தோம்.”

அவள் கணினித் திரையைத் திருப்பினாள். கிருமியின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், லத்தீன் விகுதி ஒட்டிக்கொண்டு, அம்மாளின் பெயர் பளபளத்தது.

அம்மாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தார். மேஜையை ஓங்கித் தட்டினார்.

“ஏண்டி, லத்தீன்ல பொம்பளை பேருக்கு வேற விகுதி. என்னை ஆம்பளையாக்கி வெச்சிருக்கே! மாத்திட்டு உடனே அனுப்பு!”