ஒரு டப்பா சூரணம்

மார்ச் மூன்றாம் தேதி கணக்காளர் ஒரு சின்னத் தப்பு செய்தார். அலுவலகத்தில் எல்லார் முன்னாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார்.

"என்ன சார், நாற்காலி கடிக்குதா?" என்றான் பியூன். மானம் கப்பலேறியது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியை ஆயுர்வேத வைத்தியரிடம் விரட்டினார். "மூலம் உனக்குத்தான்னு சொல்லு. என் பேச்சையே எடுக்கக் கூடாது."

அவள் ஒரு டப்பா சூரணத்தோடு திரும்பினாள். "ஆரம்ப நிலைதானாம். இதிலேயே அடங்கிடுமாம்."

தினமும் வெந்நீரில் கலந்து கொடுத்தாள். டப்பா காலியாவதற்குள் கணக்காளர் சம்மணம் போட்டுச் சாப்பிட்டார். அவள்தான் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

"உட்காரேன்டி."

"முடியலைங்க. நாளைக்கு எனக்கு ஆபரேஷன்."

"உனக்கு எதுக்கு?"

"சோதிக்காம மருந்து தர மாட்டேன்னு வைத்தியர் அன்னைக்கே பார்த்தாருங்க. ஆரம்ப நிலைன்னு சொன்னது என்னைத்தான்."

"அப்போ சூரணத்தை என்கிட்ட ஏன் கொடுத்தே?"

"உங்களுக்குத்தானே வாங்கி வரச் சொன்னீங்க? இன்னைக்கு மறுபடி போனேன். முழு டப்பா சாப்பிட்டும் முத்திப்போச்சே, இனிமே கத்திதான்னு கைவிரிச்சுட்டார்."

கணக்காளர் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தார். நாளை மத்தியானச் சாப்பாட்டுக்கு ஹோட்டலில் சொல்லிவைக்க வேண்டும்.