பவர் சப்ளை அக்காவின் கவலை

ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்குள் பவர் சப்ளை அக்கா இருந்தாள். கேம் விளையாடுவதற்காக, திரையில் படங்களை வேகமாகக் காட்டும் புது கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறார்கள் என்றதும் அவளுக்குக் கவலை பிடித்துக்கொண்டது. எது வந்தாலும் மின்சாரம் ஊட்ட வேண்டியவள் அவள்தானே!

கம்ப்யூட்டரைக் கடைக்கே தூக்கிப் போனார்கள். அங்கே மேசையில் இரண்டு கார்டுகள் மல்லுக்கு நின்றன.

"எனக்கு மூணு விசிறி, பாத்தியா?" என்றது பெரியது.

"அவ்வளவு சூடாவியா நீ?" என்று கேட்டது சின்னது.

"சின்னவனே, நீயே வாடா கண்ணு! அந்தத் தடியனுக்கு ஊட்டினா நான் புகைஞ்சு போயிடுவேன்" என்று அக்கா உள்ளேயிருந்து புலம்பினாள்.

பெரியதைத்தான் வாங்கினார்கள். அக்காவால் தாங்காது என்று அவளைக் கழற்றிவிட்டு, கூடுதல் சக்தியுள்ள வேறொருத்தியைப் பொருத்தினார்கள்.

அட்டைப்பெட்டிக்குள் போகிறபோதும் அக்கா எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "ஏய் புதுசு! அவன் கேக்குறப்ப எல்லாம் குடுத்துடாதேடி, கெட்டுப் போயிடுவான்!"