நெவில் வெச்ச ரெண்டு தொட்டி

"ஐயா, இந்தக் குப்பைத் தொட்டி உங்களுதா?"

நடுத்தெருவுல காரை நிறுத்திட்டு, ஜன்னல் வழியா தலைய நீட்டிக் கேட்டான் மிர்கோ. பின்சீட்டுல அவன் பொண்ணு டானிகா, மூஞ்சி பூரா பச்சையும் மஞ்சளும் பூசிக்கிட்டு உட்கார்ந்திருந்தா. பின்னாடி வரிசையா ஹாரன்.

வாசப்படியில நின்னுக்கிட்டிருந்த டெஸ் சிடுசிடுன்னு சொன்னாரு: "என்னுது இல்ல. பக்கத்து வீட்டுக்காரனுது."

மகளிர் கால்பந்துப் போட்டி. ஸ்டேடியம் கூப்பிடு தூரம். ஆஸ்திரேலியாவுல பெர்த் நகரத்துப் பாதி ஜனம் உள்ள போயாச்சு, மீதி பாதி பார்க்கிங் தேடிக்கிட்டிருக்கு. தெருவுல ஒரே ஒரு கார் நிக்கிற எடம்தான் பாக்கி. அதுல சிவப்பு மூடி ஒண்ணு, மஞ்சள் மூடி ஒண்ணுன்னு ரெண்டு சக்கரத் தொட்டி, காவல்காரன் மாதிரி நின்னுச்சு.

"பன்பரியிலேர்ந்து வரோங்க. ரயில்ல ஏறவே முடியல. இவளுக்கு இதான் மொத மேட்ச். இன்னும் கொஞ்ச நேரத்துல ஆரம்பிச்சிரும்."

டெஸ் வாயைத் திறக்கிறதுக்குள்ள உள்ளேர்ந்து குரல் வந்துச்சு.

"டெஸ்... மாரிசெல் வந்துட்டாளா?"

"இதோ வந்துருவா கோலீன். கொஞ்சம் பொறுத்துக்க."

டெஸ் பொண்டாட்டி கோலீனுக்குக் கேன்சர். எலும்பு வரைக்கும் போயிருச்சு. தலைமாட்டுல ஒரு சின்ன மிஷின், வலிக்கு மருந்து ஏத்திக்கிட்டே இருக்கும். தினம் மத்தியானம் நர்ஸ் மாரிசெல் வந்து மருந்தை மாத்தணும். மாத்தற நேரம் தாண்டியாச்சு. மருந்து தீர்ந்துபோயி மிஷின் கீச் கீச்னு கத்த ஆரம்பிச்சிருச்சு.

டெஸ்ஸுக்கு யார் மேலயாவது எரிஞ்சு விழணும்போல இருந்துச்சு. தொட்டி எதிர்லயே நின்னுச்சு.

"நீயே எடுத்து ஓரமா வெச்சிட்டு நிறுத்திக்க தம்பி."

மிர்கோ தயங்கினான். எடம் பிடிக்க அடுத்தவன் வெச்ச தொட்டியில யாரும் கை வைக்க மாட்டாங்க. பன்பரியிலயும் அதே வழக்கம்தான்.

"அவரு கார் வந்துச்சுன்னா?"

"காரா? கண்ணு மங்கிப்போயி காரை வித்தே வருஷக்கணக்காச்சு. கார் இல்லாதவனுக்கு எதுக்குய்யா பார்க்கிங்? வாடகைக்கு விடறான்! போன மேட்ச் அன்னிக்கு இதே எடத்துல ஒரு வெள்ளைக் கார் நின்னுச்சு. என் ரெண்டு கண்ணால பார்த்தேன்."

டெஸ்ஸுக்கும் பக்கத்து வீட்டு நெவிலுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நெவில் வீட்டு யூகலிப்டஸ் மரம் டெஸ் வீட்டுக் கூரையில இலை கொட்டுது. வெட்டுன்னாரு இவரு, முடியாதுன்னாரு அவரு. அதுலேர்ந்து ரெண்டு பேரும் மரத்தைப் பார்த்துத்தான் திட்டிக்கிறாங்க.

எதிர் வீட்டு வராந்தாவுலேர்ந்து பெரில் கத்தினா.

"டெஸ், தொடாதீங்க! யாரும் எடுத்துராம பார்த்துக்கன்னு நெவில் என்கிட்ட சொல்லிட்டுப் போயிருக்காரு."

"எங்க போயிருக்கான் தொரை?"

"தெருமுனையில ஸாஸேஜ் சுட்டு விக்கிறாரு, கிளப்புக்குப் பணம் சேர்க்க."

"தொட்டி எதுக்குன்னு சொன்னானா?"

"கேட்டேன். சிரிச்சிட்டுப் போயிட்டாரு."

"பாத்தியா? களவாணிச் சிரிப்பு!"

ஹாரன் சத்தம் காதைப் பொளந்துச்சு. "அப்பா, தேசிய கீதம் பாடுறதுக்குள்ள போயிரலாமா?"ன்னு டானிகா அழுற குரல்ல கேட்டா.

அதுக்கு மேல டெஸ் யாரையும் கேக்கல. கடகடன்னு இறங்கி வந்தாரு. ரெண்டு தொட்டியையும் தரதரன்னு இழுத்துக்கிட்டுப் போயி நெவில் வீட்டுக் கேட்ல இடிச்சு நிறுத்தினாரு.

"சண்டை வந்துராதே ஐயா?"

"வரட்டுமே. தெரு என்ன அவங்கப்பன் வீட்டு சொத்தா?"

பின்னாடி இருந்த கார்ல யாரோ விசிலடிச்சான். மிர்கோ ஒரே வளைப்புல காரை உள்ள சொருகினான். டானிகா குதிச்சு இறங்கி, கையில வெச்சிருந்த காகிதக் கொடிய டெஸ் கையில திணிச்சிட்டு, "தேங்க்ஸ் தாத்தா!"ன்னு அப்பா பின்னாடி ஓடினா.

ரொம்ப நாளைக்கப்புறம் டெஸ் மனசுக்கு ஒரு நிம்மதி. கொடியோட உள்ள போனாரு.

கோலீன் தலகாணியைப் பல்லால கடிச்சிக்கிட்டிருந்தா. நெத்தியெல்லாம் வேர்வை. மிஷின் விடாம கத்துச்சு. ஸ்டேடியத்துலேர்ந்து பாட்டு கேட்டுச்சு. வாசல்ல மணி அடிக்குதான்னு பார்த்துக்கிட்டே அவ கையைப் பிடிச்சிக்கிட்டு உட்கார்ந்தாரு டெஸ்.

அடிச்சது போன்.

"மாரிசெல்! எங்கம்மா இருக்கே? இவ துடிக்கிறா!"

"உங்க வாசல் வரைக்கும் வந்துட்டேன் டெஸ். நிறுத்த எடமே இல்ல. பின்னாடி ஒரு பஸ், நிக்கவே விடல, நேரா போயிட்டேன். சுத்தி வரதுக்குள்ள தெருவை அடைச்சிட்டாங்க. மேட்ச் முடியற வரைக்கும் எந்த வண்டிக்கும் வழி இல்லையாம். ரொம்ப தூரத்துல காரைப் போட்டுட்டு மருந்துப் பையோட நடந்து வரேன். கூட்டம் நெரியுது, லேட்டாகும். கோலீனைக் கொஞ்சம் தாங்கிக்கச் சொல்லுங்க."

"போன மேட்ச் அன்னிக்கு மட்டும் எப்படி எடம் கெடைச்சுது?"

"நானா தேடிப் பிடிச்சேன்? மேட்ச் இருக்கிற அன்னிக்கெல்லாம் நெவில்தான் ரெண்டு தொட்டிய வெச்சு எனக்கு எடம் பிடிச்சு வைப்பாரு. அன்னிக்கு ஆஸ்பத்திரியில குடுத்த வெள்ளைக் காரை அங்கதான் விட்டேன். உங்ககிட்ட சொல்ல வேணாம், சொன்னா நீங்க வேணாம்பீங்கன்னு சொன்னாரு. இன்னிக்குத் தொட்டியக் காணோம்."

மூச்சு வாங்கிக்கிட்டே மாரிசெல் கேட்டா:

"ஏன் டெஸ், பாவம், அவருக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?"