அய்யாவின் கைப்பட்டை

நிவேதாக்கா, புள்ளி மெயின் ரோட்டுலருந்து எங்க ஊருக்குப் பிரியுற வெலக்குக்கு வந்துருச்சு. நீங்க காலேஜ்லருந்து வந்து வெயில் ஆராய்ச்சிக்குன்னு எங்கய்யா கையில ஒரு பட்டை கட்டிவிட்டீங்கள்ல, அந்தப் பட்டையோட புள்ளிதான். மிளகாக் காட்டுல எங்கன நிக்கிறாரு, எத்தனை அடி நடந்தாரு, நாடி எப்படித் துடிக்குதுன்னு என் செல்லுல காட்டுமே.

அய்யா செத்த மூணாம் நாள் ராமேஸ்வரத்துல சாம்பலக் கரைச்சோம். "அண்ணன் பொருளு அவரோடயே போகட்டும்"னு சித்தப்பா பட்டையையும் கடல்ல போட்டுட்டாரு. "முங்கிட்டு நேரா வேனுக்கு வந்துரணும். திரும்பிப் பாத்தா கூடவே வந்துருவாரு"ன்னாரு.

நான் திரும்பலக்கா. வேன்ல ஏறி செல்லத்தான் பாத்தேன். தண்ணிக்குள்ள கெடந்த புள்ளி கரையேறுச்சு.

பட்டையில சார்ஜ் இல்லன்னு காட்டுது. நாடி இல்ல. அடி மட்டும் ஏறிக்கிட்டே இருக்கு. நாங்க பாக்குற நேரம்தான் நடக்குது. நேத்து பூரா செல்லத் தொடாம வச்சிருந்தேன், பாம்பன் பாலந்தாண்டி மண்டபம் ஊருலயே நின்னுச்சு.

இன்னைக்குக் காலையில அம்மா பாத்துட்டாங்க. அப்பப் பிடிச்ச செல்ல இன்னும் கீழ வைக்கல. நான் சித்தி செல்லுலருந்துதான் பேசுறேன். "உங்கய்யா வெலக்கத் தாண்டிட்டாருடி, ஒலையப் போடு"ங்கிறாங்க. நானும் அரிசி களைஞ்சு வச்சுட்டேன்.

கடலுக்கு முதுகக் காட்டித்தானக்கா உக்காந்திருந்தேன். செல்லுல பாத்தா, அதுவும் திரும்பிப் பாத்ததுதானா?