போஷ், பூஜி, சுவிஷ்

லண்டனில் இருந்து வந்த மூத்தவள் றிஷானாவும், டொரண்டோவில் இருந்து வந்த இளையவள் நிப்லாவும் மூன்றாம் நாளும் வாளியைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார்கள்.

குசினி வாசலில் நின்ற தாய் றம்லாவுக்கு வயிறு எரிந்தது. மகள்மார் வருகிறார்கள் என்று மாபிள் பதித்து, சுடுதண்ணீர்க் குழாயும் வைத்துக் கட்டிய குளியலறை ஒரு சொட்டு ஈரம் படாமல் கிடந்தது.

வந்த அன்று அதைத் திறந்து காட்டியபோது, “உம்மா, சரியான போஷ்!” என்றாள் றிஷானா.

“கனடாவில நாங்க பூஜி எண்டு சொல்லுவம்” என்று நிப்லா சிரித்தாள்.

அந்தச் சிரிப்புத்தான் றம்லாவுக்கு இடித்தது.

பக்கத்து வீட்டு அஷ்பாக் துறைமுகத்தில் வெள்ளைக்காரரைப் படகேற்றிச் சுற்றிக் காட்டுகிறவன். வேலியடியில் அவனைப் பிடித்தாள்.

“தம்பி, போஷ் எண்டா என்ன? பூஜி எண்டா என்ன?”

“ரெண்டும் பணக்காரத்தனந்தான் மாமி.”

“மெச்சுறதா, நக்கலடிக்கிறதா?”

அஷ்பாக் தலையைச் சொறிந்தான்.

“அதுதான் எனக்கும் பிடிபடுதில்ல. என்ட படகுக்குப் புது மெத்தை போட்டனான். லண்டன்காரன் போஷ் எண்டான். ஒஸ்திரேலியாக்காரன் சுவிஷ் எண்டான். கனடாக்காரி பூஜி எண்டு விழுந்து விழுந்து சிரிச்சாள். மெச்சியும் சொல்லுவாங்களாம், பெரிய எடுப்பு எண்டு குத்தியும் சொல்லுவாங்களாம்.”

“நீ என்ன சொன்னாய்?”

“மூண்டு பேருக்கும் தேங்க்யூ எண்டுதான் சொன்னனான்.”

தெளிய வந்த றம்லா இன்னும் குழம்பிப்போனாள். பெரிய எடுப்பா? அதனால்தான் ஒதுங்குகிறார்களா? ஏழு வருசத்துக்குப் பிறகு வந்த பிள்ளைகள். நாளைக்கே பெட்டியைக் கட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் போய்விட்டால்?

ஈரத் தலையோடு மகள்மார் திரும்பி வந்தார்கள். றம்லாவுக்குப் பொறுக்கவில்லை.

“பிடிக்காட்டி நேர சொல்லுங்க. ஹோட்டலுக்குப் போறதெண்டாலும் போங்க. உம்மாவை நக்கலடிக்க வேணாம்!”

றிஷானா வாளியைக் கீழே வைத்தாள்.

“ஆரு நக்கலடிச்சது?” என்றாள் றிஷானா. “லண்டனில எங்கட வீட்டிலயும் இப்பிடி ஒண்டு இல்ல உம்மா.”

“அப்ப ஏன் கிணத்தடி?”

“நீங்க ஏன் கிணத்தடி?”

“நானா? அது உங்களுக்கெண்டு கட்டினது. நான் பாவிச்சா ஊத்தையாப் போயிடும்.”

நிப்லா துவாயைக் கொடியில் போட்டுவிட்டு வந்து தாயின் கையைப் பிடித்தாள்.

“முழங்கால் ஏலாம நீங்க கிணத்தடிக்கு நொண்டி நொண்டிப் போறதை வந்த அண்டைக்கே பார்த்திட்டம். சொன்னாக் கேக்க மாட்டீங்க. அதுதான், நீங்க உள்ளுக்க குளிக்கிற அண்டைக்குத்தான் நாங்களும் குளிக்கிறதெண்டு ரெண்டு பேரும் கதைச்சு வெச்சிருக்கம்.”