ப்ரேமிலாவின் நிறம்

"ப்ரேமிலா பச்சையா? யார்கிட்ட கதை விடறீங்க!"

எங்கள் சங்கத்தின் வோட்டுவாலேவு ஊர்க் கிளையின் நெட்பால் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்களுடைய கோச் நான். வேலை பார்க்கும் நமாகா ஹோட்டலில் இருந்து அந்தப் பரீட்சையைக் கொண்டுவந்தவளும் நான்தான்.

நாம் எப்படிப்பட்டவர் என்று நமக்கே காட்டுகிற பரீட்சை. அதட்டி வேலை வாங்குகிறவர் சிவப்பு, அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்கிறவர் பச்சை. சிவப்பில் யார் முதலோ அவள்தான் கேப்டன் என்று சொல்லியிருந்தேன். ஈஸ்டருக்கு நடக்கிற சங்க மாநாட்டு அணிவகுப்பில் கிளைக்கொடியைப் பிடிப்பதும் அவள்தான். வழக்கமாகப் பிடிக்கிற பெரியவருக்கு இந்த வருஷம் முடியவில்லை.

எப்படியும் ப்ரேமிலாதானே வருவாள் என்று நினைத்தேன். பஸ் டிரைவரையே இறங்கி மூட்டை தூக்க வைக்கிறவள் அவள்!

"கடைசி ரொட்டியை அடுத்தவங்களுக்குக் குடுப்பேன்னு குறிச்சிருக்கியே, போன வாரம் என் தட்டுல இருந்தே எடுத்துத் தின்னவதானே நீ?" என்று அவளைப் பிடித்துக்கொண்டேன்.

"பசிச்சுது அக்கா."

"மறுபடி எழுது."

"மாட்டேன். பரீட்சைன்னா பரீட்சைதான்."

"மகாராணிக்குக் கொடி தூக்கினா கை வலிக்கும்போல," என்றாள் இந்திராவதி.

எனக்கும் அப்படித்தான் பட்டது. வாய் மட்டும் நீளம், பொறுப்பு என்றதும் நழுவுகிறாள். கோபத்தில் அவளோடு பேச்சையே குறைத்துக்கொண்டேன். சிவப்பில் அடுத்து வந்த சுஷீலா கேப்டன் ஆனாள்.

ஈஸ்டர் வந்தது. மைதானம் கொள்ளாத கூட்டம். சுஷீலா கொடியோடு முன்னால் நடந்து வந்தாள். அடடா, என்ன நிமிர்வு! நம்ம பெண்கள் என்று எனக்கே பெருமை தாங்கவில்லை.

ஓரத்தில் சக்கர நாற்காலியில் இருந்த மனிதர் திடீரென்று கத்தினார். "அது என் பொண்ணு! கொடி பிடிச்சிருக்கிறது என் பொண்ணு!" பக்கத்தில் நின்றவர்களை எல்லாம் பிடித்து உலுக்கினார்.

சுஷீலாவின் அப்பா. போன வருஷம் வரைக்கும் அந்தக் கொடியைப் பிடித்து நடந்தவர் அவர்தான். சர்க்கரை வியாதியில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள். என் மரமண்டைக்கு இது உறைக்கவே இல்லை பாருங்கள்!

அணிவகுப்பு முடிந்ததும் ப்ரேமிலாவைத் தனியே இழுத்தேன்.

"வேணும்னேதான் அப்படி எழுதினியா?"

"ஆமா அக்கா. நேரா விட்டுக்குடுத்தா சுஷீலா வாங்கிக்க மாட்டா, ரோஷக்காரி. அதான், பச்சைக்காரியா இருந்தா என்ன எழுதுவான்னு யோசிச்சு யோசிச்சு குறிச்சேன். எல்லாமே பொய். திட்டாதீங்க."

அவளை அப்படியே கட்டிக்கொண்டேன்.

"போடி பைத்தியக்காரி! நீ குறிச்சதுல ஒண்ணுகூடப் பொய் இல்லடி."